வோட்டு நாளுக்கு எடுத்து வைத்த சாரி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ். மாம்புரியில் ஏறிய ஒரு பெண்ணை, எனக்கு முன் சீட்டில் இருந்த வயதான பெண் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

“எலெக்‌ஷன் வெக்காததால உன்ட உம்மாவக் காணவே கிடைக்கல்ல, மகள்.”

நான் காதைக் கொடுத்தேன். இரண்டு குடும்பமும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டவை என்பது பேச்சில் விளங்கியது. இவர் இப்போது பாணந்துறையில், அவர்கள் மாம்புரியில். வோட்டு மட்டும் இன்னும் மன்னாரில், சொந்த ஊரில்.

“வோட்டு நாளையில மட்டும்தானே மாமி நீங்க ரெண்டு பேரும் காணுறது.”

“ஓம். கியூவில எங்கட முறை வந்தாலும் உன்ட உம்மா உள்ள போக விடமாட்டா. கதை முடியல்ல எண்டு பின்னால நிக்கிறவங்களயெல்லாம் முன்னால அனுப்பிடுவா.”

“இந்த முறையும் சாரி எடுத்து வெச்சா, மாமி. தள்ளிப் போட்டாங்க. கழுவி அயன் பண்ணித் திரும்ப அலுமாரியில வெச்சா. திரும்பவும் தள்ளிப் போட்டாங்க.”

“இப்ப சுகமா இருக்காவா?”

“மௌத்தாகி ஆறு மாசம், மாமி. அடக்கத்துக்குச் சொல்லுறதுக்கு உங்கட போன் நம்பர் எங்கள்ட்ட இருக்கல்ல.”

“இன்னா லில்லாஹி…”

பாலாவி வரும்வரை மாமி அவள் கையை விடவில்லை. அங்கே இறங்க எழுந்தபோது அவள் சொன்னாள்:

“எண்டைக்கு எலெக்‌ஷன் வெச்சாலும் அந்தச் சாரிய உடுத்திட்டு நான் வருவன், மாமி.”

“வா மகள். வந்து எனக்கு முன்னால நில்லு. எல்லாரையும் உள்ள அனுப்பிட்டு நாங்க கடைசியாப் போவம்.”