ஒரு மணி நேரத்தைக் கூட்டுவது எப்படி

ரோசென்: ...அது பாறை இல்லை ஜில்தாஸ். நாம நடந்து வந்த பாதை.

ஜில்தாஸ்: பாறை மாதிரி தெரியுது.

ரோசென்: தண்ணிக்கு அடியில போனா எல்லாம் பாறை மாதிரிதான் தெரியும். பன்னெண்டு மணிக்கு இது மேலதான் நடந்து தீவுக்கு வந்தோம். இப்ப மணி என்ன?

ஜில்தாஸ்: ஒன்னு ஐம்பது.

ரோசென்: ரெண்டு இருபது வரைக்கும் பாதை தெரியும்னு சொன்னே.

ஜில்தாஸ்: சொன்னேன்.

ரோசென்: கடலுக்கும் சொன்னியா?

ஜில்தாஸ்: கோபப்படாதே. முதல்ல ஷூவைக் கழட்டி வெயில்ல வை. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, அவ்வளவுதான். கடல் ஏறுற, இறங்குற நேரம் போட்ட அட்டவணை இருக்கில்லே... அதைக் குளிர்கால நேரத்துலதானே அச்சடிக்கிறாங்க. கோடையில நாமளா ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். நான் கூட்ட மறந்துட்டேன்.

ரோசென்: மறந்துட்டே.

ஜில்தாஸ்: மனுஷன்தானே.

ரோசென்: இன்னிக்குக் கடல் நல்லா வத்துற நேரம்னு அதுல என்ன போட்டிருந்தது?

ஜில்தாஸ்: பத்து இருபது.

ரோசென்: அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் பாதை தெரியும். அப்போ கூட்ட மறந்தவன் எத்தனை மணிக்குத் திரும்பியிருப்பான்?

ஜில்தாஸ்: ...பன்னெண்டு இருபதுக்கு.

ரோசென்: சரியாக் கூட்டினவன்?

ஜில்தாஸ்: ஒன்னு இருபதுக்கு.

ரோசென்: அதாவது மறந்தவன் ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்குப் போய் சூப் குடிச்சுட்டு இருப்பான். இந்த ஊர்ல மறதிக்காரன் ஒருத்தன்கூட இதுவரைக்கும் தண்ணியில மாட்டினது கிடையாது.

ஜில்தாஸ்: அப்படின்னா... மறக்கலை போலிருக்கு. ரெண்டு தடவை கூட்டிட்டேன்.

ரோசென்: ரெண்டு தடவை.

ஜில்தாஸ்: நேத்து ஒரு தடவை, காலையில ஒரு தடவை. கவனமா இருக்கணும்னுதான். கவனம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு.

ரோசென்: நகராட்சியில உனக்கு என்ன வேலை?

ஜில்தாஸ்: அது எதுக்கு இப்ப?

ரோசென்: சும்மா சொல்லு. பொழுது போகணுமில்லே.

ஜில்தாஸ்: பூங்காவுக்குத் தண்ணி ஊத்தறது, பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கறது, குப்பைத் தொட்டி...

ரோசென்: அப்புறம்?

ஜில்தாஸ்: அப்புறம்... காலையில பாதை முனையில இருக்கற பலகையில, எத்தனை மணிக்குள்ள தீவுலேர்ந்து திரும்பணும்னு சாக்பீஸ்ல எழுதறது.

ரோசென்: எத்தனை வருஷமா எழுதறே?

ஜில்தாஸ்: பதினொன்னு. லீவு நாளெல்லாம் கழிச்சா ஒன்பதுதான் வரும்.

ரோசென்: ம்.

ஜில்தாஸ்: இந்த 'ம்' எனக்குப் பிடிக்கலை.

ரோசென்: நாலு ஐம்பத்திரண்டுக்கு ரயில். அது ஞாபகம் இருக்கா, இல்லை அதையும் ரெண்டு தடவை கூட்டிட்டியா?

ஜில்தாஸ்: அதை மறப்பேனா? திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு நீ க்ளெர்மோன்-ஃபெராந்துல, புது வேலையில, நீச்சல் குளத்தோரமா விசிலை வாயில வெச்சுட்டு நிக்கணும். நாலு மாசமா அந்த ஊர்ப் பேர் கேக்காம நான் சாப்பிட்டதில்லை.

ரோசென்: பாதை மறுபடி எப்ப தெரியும்?

ஜில்தாஸ்: ஒன்பதே முக்காலுக்கு.

ரோசென்: ராத்திரி.

ஜில்தாஸ்: கோடையில அதுவரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

ரோசென்: நாளைக்கு ரயில்?

ஜில்தாஸ்: நாளைக்கு ரயில்காரங்க வேலைநிறுத்தம். பாவம், அவங்களுக்கும் கோரிக்கை இருக்குமில்லே.

ரோசென்: அது உனக்கு எப்பத் தெரியும்?

ஜில்தாஸ்: செவ்வாய்க்கிழமை. ரொட்டிக்கடையில பேசிக்கிட்டாங்க.

ரோசென்: சரி, கார்ல கொண்டுவிடு.

ஜில்தாஸ்: எண்ணூறு கிலோமீட்டர் ரோசென். நம்ம கார் எண்பதுல போனா உன் பக்கத்துக் கதவு திறந்துக்குது.

ரோசென்: உங்க சித்தப்பாவைக் கூப்பிடு. படகு எடுத்துட்டு வந்தா பத்து நிமிஷம்.

ஜில்தாஸ்: இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கார்.

ரோசென்: நேத்து சாயங்காலம் அதுலதானே மீன் பிடிச்சுட்டு வந்தார்?

ஜில்தாஸ்: இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சார்.

ரோசென்: யார் சொல்லி?

ஜில்தாஸ்: இஞ்சின்னா அப்பப்ப பிரிக்கணும்... ஏய், பார்த்து, பின்னாடி...

ரோசென்: போச்சு. என் சாண்ட்விச்.

ஜில்தாஸ்: கடற்காகம்.

ரோசென்: தெரியுது. முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். நீதானே வெளியில உக்காந்து காத்தாடச் சாப்பிடலாம்னே. என் ஷூவைக் கடல் தின்னுது, சோத்தைக் காக்கா தின்னுது, இந்த வாரத்தை நீ தின்னுட்டே.

ஜில்தாஸ்: வாரம் நல்லாத்தானே போச்சு?

ரோசென்: நல்லாவா? நான் குழந்தைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித் தர்றவ. தினம் ஆறு மணி நேரம் கடல்ல கிடக்கறேன். செவ்வாய்க்கிழமை என்னை மீன் காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போய், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற நண்டைக் காட்டி 'பார் பார்'ங்கறே.

ஜில்தாஸ்: நல்ல நண்டு அது.

ரோசென்: புதன்கிழமை கலங்கரை விளக்கம். முந்நூத்தி ஏழு படி. மேல ஏறினதும் நீ என்ன சொன்னே?

ஜில்தாஸ்: நம்ம வீடு தெரியுதுன்னு சொன்னேன்.

ரோசென்: காலையில நான் அதுக்குள்ளேதானே இருந்தேன்? வியாழக்கிழமை மத்தி மீன் அருங்காட்சியகம். மூணு மணி நேரம் தகர டப்பா. அங்க டப்பா மூடற வேலை பார்த்த உங்க அத்தையோட போட்டோவுக்கு முன்னாடி மட்டும் முக்கால் மணி நேரம்.

ஜில்தாஸ்: அத்தைக்கு வாத்து மாதிரி கழுத்துன்னு நீயேதான் சிரிச்சே.

ரோசென்: நேத்து, ஊரைச் சுத்திக் காட்ட ரோட்டுல ஓடற அந்தக் குட்டி ரயில். வெள்ளை ரயில், மணி அடிச்சுட்டு, பாரிஸ்காரங்களோட. என் மாணவன் ஒருத்தன் சைக்கிள்ல நம்மளைத் தாண்டிப் போனான். தாண்டிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்துட்டுப் போனான். நான் குனிஞ்சு ஷூ கயிறு கட்டினேன். அது கயிறு இல்லாத ஷூ.

ஜில்தாஸ்: ஊரை விட்டுப் போறவங்க ஊரை ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா?

ஷசாஞ்: மன்னிக்கணும்... தொந்தரவு பண்றேன்.

ரோசென்: வாங்க சார். இங்க வேற யாரும் இல்லைன்னு நினைச்சோம்.

ஷசாஞ்: தேவாலயத்துக்குப் பின்னாடி சாப்பிட்டுட்டு இருந்தோம், நானும் என் மனைவியும். பாதையைக் காணோமேன்னு அவ கேக்கிறா. நீங்க இந்த ஊர்க்காரங்களா?

ரோசென்: இவர் ஊர்க்காரர் மட்டுமில்லை சார். நகராட்சி.

ஷசாஞ்: அப்படியா, நல்லதாப் போச்சு. இல்லை, கரையில ஒரு பலகை இருக்கே... ரெண்டு இருபதுக்குள்ள திரும்பணும்னு எழுதியிருந்தது. போட்டோகூட எடுத்து வெச்சேன். என் மனைவி எதையும் நம்பமாட்டா. இதோ.

ரோசென்: குடுங்க பார்ப்போம்... ரெண்டு, இருபது.

ஜில்தாஸ்: யாராவது விளையாட்டுக்கு அழிச்சுட்டு எழுதியிருப்பாங்க. விடுமுறைக் காலம் பாருங்க.

ரோசென்: ரெண்டுங்கற எண்ணுக்கு வாத்து மாதிரி கழுத்து போடற ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான் சார். அவங்க குடும்பத்துலயே அது ஓடுது.

ஷசாஞ்: ஏதாவது பயப்படணுமா?

ரோசென்: ஒன்னும் இல்லை. தண்ணி இந்தப் புல்மேடு வரைக்கும் வராது. ஒன்பதே முக்காலுக்குத் தானா இறங்கிடும். உங்களைக் காக்க வெச்சதுக்கு நகராட்சி ரொம்ப வருத்தப்படுது. வருத்தப்படுதில்லே, ஜில்தாஸ்?

ஜில்தாஸ்: ரொம்ப.

ஷசாஞ்: அட, பரவாயில்லை. ரெண்டு நாளா சுத்தறோம், இதுவரைக்கும் இதுதான் நல்லா இருக்கு. எங்க ஊர்ல இதெல்லாம் ஏது? நாங்க க்ளெர்மோன்-ஃபெராந்து.

ஜில்தாஸ்: ஐயோ.

ரோசென்: நீ சும்மா இரு. ஊர் எப்படி சார்?

ஷசாஞ்: நல்ல ஊர் மேடம். சுத்தி எரிமலை. அணைஞ்சு போனதுதான், தொந்தரவு கிடையாது. தண்ணி ஏறாது, இறங்காது. ஊத்தி வெச்ச இடத்துலயே இருக்கும். ஆனா... கோவிச்சுக்காதீங்க, இங்க வந்து நின்னதும் என் மனைவி ஒரு பத்து நிமிஷம் பேசவே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இதான் முதல் தடவை. சரி, நீங்க பேசிட்டு இருங்க. வெண்ணெய் கேக் கொஞ்சம் மிச்சம் இருக்கு, பசிச்சா அந்தப் பக்கம் வாங்க.

ரோசென்: போயிட்டார். இப்ப சொல்லு.

ஜில்தாஸ்: என்ன சொல்ல?

ரோசென்: பதினொரு வருஷத்துல ஒரு நாள் பலகையில ஒரு நிமிஷம் பிசகினதில்லை. போன ஜனவரியில காய்ச்சல் நூத்தி மூணு. அப்பவும் என் தோளைப் பிடிச்சுட்டு வந்து எழுதிட்டுப் போய்ப் படுத்தே. இன்னிக்கு ஏன்?

ஜில்தாஸ்: ...போகும்போது நீ பலகையைப் படிப்பேன்னு தெரியும். அதுல சரியான நேரம் இருந்தா நீ ஒன்னே காலுக்கே கிளம்பிடுவே.

ரோசென்: கிளம்பினா?

ஜில்தாஸ்: ரயில் கிடைச்சுடும்.

ரோசென்: அதுக்காக அந்த மனுஷனையும் அவர் பெண்டாட்டியையும் மாட்டி வெச்சியே.

ஜில்தாஸ்: சனிக்கிழமை சந்தை நாள், யாரும் தீவுக்கு வரமாட்டாங்கன்னு நினைச்சேன். நாளைக்கு மேயர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். பலகையை வேற யார்கிட்டயாவது குடுக்கட்டும்.

ரோசென்: பலகையை விடு. போகவேண்டாம்னு என்கிட்ட வாய் திறந்து சொன்னா என்ன?

ஜில்தாஸ்: சொல்லி... நீ நின்னுட்டா? பத்து வருஷம் கழிச்சு, மழையில ஈரத் துணியோட வந்து, உன்னாலதான் நான் இங்கேயே கிடக்கறேன்னு சொல்லமாட்டியா? நான் தடுத்தா என் மேல பழி. கடல் தடுத்தா கடல் மேல பழி. அதுக்கு ஒன்னும் ஆகாது.

ரோசென்: சித்தப்பாவை இஞ்சின் பிரிக்க வெச்சிருக்கே. வேலைநிறுத்தத்தைக் கணக்குப் போட்டிருக்கே. கடலுக்கே பொய்க் கணக்கு எழுதியிருக்கே. ஒரே ஒரு வார்த்தை. அது வரலை.

ஜில்தாஸ்: வரலை.

ரோசென்: இப்பவாவது வருமா? ஒன்பதே முக்கால் வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை.

ஜில்தாஸ்: தண்ணி இன்னும் ஏறுது.

ரோசென்: தண்ணியைப் பார்க்காதே. என்னைப் பாரு.

ஜில்தாஸ்: போகாதே ரோசென்.

ரோசென்: சரி.

ஜில்தாஸ்: சரின்னா?

ரோசென்: அந்த வேலை வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

ஜில்தாஸ்: எப்ப? இப்பவா?

ரோசென்: திங்கட்கிழமை மத்தியானம். அதுக்கு முந்தின வாரம் அந்த நீச்சல் குளத்தைப் போய்ப் பார்த்துட்டு வந்தேனில்லே... மருந்து வாசனை, மேல கூரை. எனக்கு மூச்சு முட்டிச்சு.

ஜில்தாஸ்: திங்கட்கிழமைன்னா... அப்போ நண்டு, படிக்கட்டு, அத்தை, அந்த வெள்ளை ரயில்... அத்தனைக்கும் முன்னாடியே நீ போறதா இல்லையா? ஏன் சொல்லலை?

ரோசென்: ஒன்பது வருஷமா ஞாயித்துக்கிழமையானா எங்கேயாவது போலாம்னு கேட்டேன். நீ என்னைக் கூட்டிட்டுப் போன ஒரே இடம் டயர் கடை. பெட்டியைக் கட்டிக் கூடத்துல வெச்ச மறுநாளே ஊரைச் சுத்திக் காட்ட ஆரம்பிச்சே... ரயில் கிளம்பற வரைக்கும் இன்னும் எத்தனை இடம் தேறுதுன்னு பார்ப்போம்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்.