ஒரு மூச்சுக்கு அனுமதி

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே! வெட்டியும் ஒட்டியும் புதுப் பாட்டுக் கட்டும் இளைய இசைக் கூட்டமே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அங்கேதான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கும் அருமைத் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஒலிபெருக்கிக் கடைக்காரியின் உளம் கனிந்த வணக்கம்!

பேசுகிறவர்களுக்கெல்லாம் மைக் வைத்துக் கொடுத்தே வாழ்ந்தவள் நான். மைக்குக்கு முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. என்ன தம்பி, பயப்படுகிறேனா என்று பார்க்கிறாயா? பயம்தான். ஆனால் பேச்சு தடுமாறாது! ஏன் தடுமாற வேண்டும்? நான் பேச வந்திருப்பது என் அண்ணன் மகளைப் பற்றி அல்லவா!

அவளுக்கு வீட்டில் ‘டப்பா’ என்று பெயர். சின்ன வயதில் கையில் எந்த டப்பா கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பாள். என்ன சிரிப்பு அங்கே? பாருங்கள், முகத்தை மூடிக்கொள்கிறாள். மூடிக்கொள்ளட்டும்! லேப்டாப்பில் அவள் பின்னிய முதல் பாட்டு இன்று இந்தக் கூடத்தில் வெளியாகிறது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைக்குப் பழுது பார்க்க வந்த ஒரு டேப் ரிக்கார்டருக்குள் பழைய கேசட் ஒன்று சிக்கிக் கிடந்தது. பெண்கள் சேர்ந்து பாடிய கோரஸ் பாட்டு. எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். டப்பா எதைக் கேட்டாள் தெரியுமா? பாட்டு தொடங்கும் முன்னால் ஒரு பெண் மூச்சை இழுக்கிறாளே, அதைக் கேட்டாள்! அந்த மூச்சை மட்டும் வெட்டி எடுத்தாள். திரும்பத் திரும்ப ஓட விட்டாள். அதன் மேல் தாளம் வைத்தாள், அதன் மேல் இசை வைத்தாள். ஒரு முழுப் பாட்டே அந்த மூச்சின் மேல் எழுந்து நின்றது.

எங்கள் தொழில்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மைக்கில் மூச்சுச் சத்தம் விழுந்தால் எங்களுக்கு மானமே போகும். மைக்கைத் தள்ளி வைப்போம், பஞ்சு உறை மாட்டுவோம். நாங்கள் விரட்டி விரட்டி அடித்ததை இவள் விருந்துக்கு அழைத்தாள்!

பாட்டை வெளியிடும் கம்பெனியின் மேலாளர் இதைக் கேட்டார். கேட்டு எழுந்தே நின்றுவிட்டார். “ஆல்பத்துல இதுதான் முதல் பாட்டு” என்றார். அப்போதுதான் டப்பா சொன்னாள், “சார், இந்த மூச்சுக்கு இன்னும் அனுமதி வாங்கல.”

மேலாளர் சிரித்தார். “ஒரு மூச்சுதானேம்மா? வார்த்தை இல்ல, மெட்டு இல்ல. சுருதிய லேசா ஏத்திடு. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே சார்.”

ஆகா! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். என் வீட்டுப் பிள்ளை சொன்ன பதில் இது!

மேலாளரும் கெட்டவர் அல்ல. “அப்ப முறையா வாங்கிட்டு வா. வெளியீட்டுத் தேதிக்குள்ள வரலேன்னா இந்தப் பாட்டு ஆல்பத்துல கிடையாது” என்று சொல்லிவிட்டார். சரி, வேறு மூச்சு வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தாளே! தன் மூச்சை வைத்தாள், தோழியின் மூச்சை வைத்தாள், பாட்டு படுத்துவிட்டது. கடைசியில் என் மூச்சைப் பதிவு செய்தாள். “அத்தை, நீங்க பெருமூச்சு விடறீங்க” என்றாள். அவளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன மூச்சு வரும்?

பழைய கேசட்டின் உரிமை முழுவதையும் ஒரு பெரிய கம்பெனி வாங்கி வைத்திருந்தது. எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. பழைய பதிவுகளைத் துண்டாகத் தருவதில்லையாம், ஆர்வத்துக்கு நன்றியாம். அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. அன்று வீட்டில் சத்தமே இல்லை. டப்பா சத்தம் போடாத வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் என்னிடம் வந்தாள். “அத்தை, அவங்களத் தேடிப் போகணும்.”

“யாரைடி?”

“மூச்சு எடுத்தவங்கள.”

“கம்பெனிக்காரன் மாட்டேன்னுட்டானே, இனிமே போய் என்ன ஆகப் போகுது?”

“ஒண்ணும் ஆகலேன்னாலும் பரவால்ல. இத்தனை நாள் அவங்க மூச்சோடயே இருந்துட்டேன். யாருன்னு தெரிய வேணாமா?”

கேசட் உறையைத் திருப்பிப் பார்த்தோம். மெட்டுப் போட்டவர் பெயர் இருக்கிறது, வாத்தியக்காரர் பெயர் இருக்கிறது, அட்டைக்குப் படம் எடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. பாடிய பெண்களின் பெயர்? ‘குழுவினர்’! அவ்வளவுதான்! யார் அந்தக் குழுவினர்? யார் வீட்டு மகள்? யார் வீட்டுத் தாய்? ஊரெல்லாம் கேட்ட குரலுக்கு ஒரு பெயர் போட இடமில்லையா அந்த அட்டையில்?

கீபோர்டு பழுது பார்க்கும் எங்கள் தொழில்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவர். அவரிடம் போட்டுக் காட்டினோம். பாட்டு தொடங்கக்கூட இல்லை, மூச்சிலேயே பிடித்துவிட்டார். “அட, இந்த மூச்சா! இது இப்ப டிரைவிங் ஸ்கூல் நடத்துதே!” என்றார்.

போனோம். பேச வேண்டுமென்றால் வண்டியில் ஏறுங்கள், நேரமில்லை என்றார் அந்த அம்மா. பின் இருக்கையில் நானும் டப்பாவும். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஊராரை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர், அன்று பயத்தில் தன் வாயைத் திறக்கவே இல்லை.

“கிளட்ச்ச மிதிங்க டாக்டர், ஒண்ணும் ஆகாது, எங்கிட்டயும் பிரேக் இருக்கு. நீ சொல்லும்மா, எந்தப் பாட்டு வேணும்?”

“பாட்டு இல்லம்மா. பாட்டுக்கு முன்னாடி நீங்க எடுத்த மூச்சு.”

“டாக்டர், ஓரமா நிறுத்துங்க.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, அவருக்குக் கோபம் வந்தது.

“இது நான்தான். ஒரே மைக்கைச் சுத்தி நாங்க அஞ்சு பேர் நிப்போம். எல்லார் கையிலயும் பாட்டுத் தாள், கை காட்ட முடியாது. நான் மூச்சு எடுத்தா மத்தவங்க ஆரம்பிப்பாங்க. அதான் என் வேலை. ‘யாரும்மா மூச்சு விடறது’ன்னு பதிவு பண்றவர் தினமும் திட்டுவார். நான் அடக்கினா ஆளுக்கு ஒரு இடத்துல ஆரம்பிப்பாங்களே! எங்க பாட்டை விளம்பரத்துக்கு எடுத்தாங்க, செல்போன் மணிக்கு எடுத்தாங்க. ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீ ஒரு மூச்சுக்காகத் தேடி வந்திருக்கியா? எடுத்துக்கோ கண்ணு, தாராளமா எடுத்துக்கோ.”

டப்பா தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க தந்தாலும் நான் எடுக்க முடியாதும்மா. டேப் கம்பெனியோடது. அவங்க மாட்டேன்னுட்டாங்க.”

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாரே, பார்க்க வேண்டும் நீங்கள்! “டேப்புதானே அவங்களுது? என் மூச்சையுமா எழுதி வாங்கினாங்க? டாக்டர், இன்ஜின நிறுத்துங்க. கண்ணாடிய ஏத்துங்க!”

கார்க் கண்ணாடி ஏறியது. தெருச் சத்தம் அடங்கியது. நான் பையிலிருந்து மைக்கை எடுத்தேன். மூச்சுக்கு எட்டாமல் மைக்கைத் தள்ளிப் பிடித்தே பழகிய இந்தக் கை, அன்று கிட்டப் பிடித்தது. அவர் மூச்சை இழுத்தார்.

பழைய மூச்சு போல இல்லை. கொஞ்சம் கரகரப்பு. நீளமும் சற்றுக் குறைவு. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? டப்பாவின் தலை தானாக ஆடியது. என் வாய் தானாகத் திறந்தது. நம் பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் பாடவே ஆரம்பித்துவிட்டார்! இல்லையா டாக்டர்? ஆமாம், அதோ கையைத் தூக்குகிறார். “பழசு வேணாம் அத்தை, இதுதான் என் பாட்டு” என்று டப்பா என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

என் இளைய இசைக் கூட்டமே! எடுங்கள், வெட்டுங்கள், ஒட்டுங்கள், ஓசையை ஓசையோடு உரச விடுங்கள். உங்கள் துணிச்சலைக் கண்டு மகிழ்கிறவள் நான். ஆனால் எடுக்கும் முன்னால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது கெஞ்சுவதா? இல்லை! கேட்பது குனிவதா? இல்லவே இல்லை! இதைச் செய்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும் என ஒருவரின் வாசலில் போய் நின்று சொல்வது அது. கேட்டதால் டப்பாவின் பாட்டு கெட்டதா? கேட்டதால் அல்லவா கிடைத்தது!

இன்று வெளியாகும் பாட்டின் உறையைப் பாருங்கள். அதில் ‘குழுவினர்’ இல்லை. அந்த அம்மாவின் முழுப் பெயர் இருக்கிறது. பெயருக்கு நேரே அவர் செய்த வேலை இருக்கிறது: மூச்சு. காரில் பதிவான அந்த ஒலிக்கு உரிமைக்காரரும் அவரே. இனி யாருக்காவது அது வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். நம் மேலாளர் ரீமிக்ஸ் போட அனுமதி கேட்டு நேற்றே போனாராம். “வண்டில ஏறுங்க, பேசலாம்” என்றாராம் அம்மா. மேலாளருக்கும் ஓட்டத் தெரியாதாம்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிட்டேன் ஐயா. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கேட்டுக்கொண்டே சிரித்த தாய்மார்க்கும், சத்தத்துக்குச் சத்தம் கொடுத்த தம்பிமார்க்கும் இந்த அத்தையின் நன்றி. நெஞ்சார்ந்த வணக்கம்.

அம்மா, மேடைக்கு வாருங்கள். அஞ்சு பேரில் ஒருவராக நின்ற நீங்கள் இன்று தனியாக நில்லுங்கள். டப்பா, லேப்டாப்பில் கையை வை. கூடத்தில் யாரும் கை தட்டாதீர்கள். இப்போதைக்கு யாரும் பாடாதீர்கள். இத்தனை பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அம்மா. நீங்கள் மூச்சை எடுங்கள், நாங்கள் ஆரம்பிக்கிறோம்.