சத்து மாத்திரை

ஓட்டக்காரிகளின் வெள்ளை அரைக்கால் சட்டையைக் கருநீலமாக மாற்றியதுதான் எங்கள் விளையாட்டுத் துறை எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு. இதை நான் மட்டும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா, பிள்ளைகளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வெள்ளை உடுப்பு இருந்த காலத்தில் மைதானத்துக்கு முழுசாக ஆள் சேர்ந்த நாளே கிடையாது. வயிற்றுவலி, தலைவலி, ஊரில் விசேஷம் என்று ஆளுக்கொரு காரணம். கறை பட்டுவிடுமோ என்ற பயத்தில் ஓடுகிறவள் எப்படி ஓடுவாள்? முதல்வர், "கல்லூரி நிறம் வெள்ளையாச்சே" என்று இழுத்தார். "நீங்க ஒருக்கா அந்த நாள்ல வெள்ளையப் போட்டுட்டு ஓடிப் பாருங்க சார்" என்றேன். மனுஷர் உடனே கருநீலத் துணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மோசமான முடிவு எது என்றும் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் உங்களுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்.

காரைக்குடியில் எங்கள் பெண்கள் கல்லூரிக்கு நான்தான் விளையாட்டுத் துறைத் தலைவி. தலைவி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துறையில் இருப்பது நான் ஒருத்திதான். சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து கோப்பை துடைப்பது வரைக்கும் நாகவல்லி மேடம்தான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஓடத் தெரிந்த பிள்ளைகளைத் தேடிக் கூட்டிவந்து, விடுதியில் இடம் கொடுத்து, சம்பளம் கட்டாமல் படிக்க வைப்பது. அதுவும் நான் எடுத்த முடிவுதான். அதையும் நல்ல பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காளீஸ்வரியை அப்படித்தான் கண்டுபிடித்தேன். காளையார்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். புறப்பட்டுப் போன டவுன் பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடப் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினாள். வளைவில் எட்டிப் பிடித்து ஏறிவிட்டாள். மூச்சுகூட வாங்கவில்லை. மறுநாளே விசாரித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்பா சேவுகப்பெருமாள் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர். பொம்பளைப் பிள்ளை அரைக்கால் சட்டையில் ஓடுவதாவது என்று வயலைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா அன்னக்கிளிதான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள். பஸ் ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரத்துக்குச் சோறு மட்டும் போட்டுருங்க டீச்சர். எம்புள்ள பசி தாங்காது" என்றாள். என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் அதை வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை.

நானூறு மீட்டர் அவளுடைய ஓட்டம். கடைசி வளைவு திரும்பும்போது எல்லாரும் வாடுவார்கள், அவள் அங்கேதான் எழுவாள். ஆனால் போன வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், இறுதி ஓட்டத்தன்று அவளுக்கு நாள் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வலிப்பது மாதிரி அவளுக்கு வலிக்காது. சுருண்டுவிடுவாள். பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுழற்கேடயம் கைக்கு எட்டியும் போய்விட்டது. இந்த வருஷமும் கேடயம் வரவில்லை என்றால் விளையாட்டு விடுதியை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஊருக்குத்தான். மூன்று மாதத்தில் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியிருக்கும். இதை நினைத்து நான் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை ஒன்றும் அதிசயம் இல்லை, உங்களுக்கும் தெரியும். பால்குடம் எடுக்க, முளைப்பாரி தூக்க, மகள் கல்யாணத்தில் முன்னால் நிற்க, நம் பக்கத்தில் அதை விழுங்காத பெண் யார்? நீங்களும் விழுங்கியிருப்பீர்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுகூடக் கேட்பதில்லை. "கோயிலுக்கா, விசேஷத்துக்கா டீச்சர்?" என்றுதான் கடைக்காரர் கேட்டார். போட்டிக்கு என்றேன், சிரித்தார். நிறைய வாங்குவதைப் பார்த்து, "தொடர்ந்து ரொம்ப நாளைக்குக் குடுக்காதீக. கால் கை வீங்குனா ஒடனே நிப்பாட்டிட்டு டாக்டர்ட்டப் போயிருங்க" என்றார். நல்ல மனுஷர். அதற்குப் பிறகு நான் வேறு கடையில் வாங்கிக்கொண்டேன்.

முதலில் பிள்ளைகளிடம் சொல்லித்தான் கொடுத்தேன். காளீஸ்வரி மட்டும் வேண்டாம் என்றாள். "கருப்பைக்கு ஆகாதாம் மேடம். எங்கம்மா தொடக்கூடாதுன்டுருச்சு" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தயங்கினார்கள். அதட்டியிருக்கலாம், நான் அதட்டவில்லை. பயந்தால் ஓட மாட்டார்கள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு, அட்டையிலிருந்து பிரித்து, காலையில் முட்டையோடு கொடுக்கிற சத்து மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தேன். அது என் கையாலேயே கொடுப்பது. காளீஸ்வரி நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வாள், குழந்தை மாதிரி. அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். மார்கழி தொடங்கிப் போட்டி முடியும்வரை ஒருத்திக்கும் நாள் வரவில்லை. ஓட்டக்காரிகளுக்கு உடம்பு இறுகினால் அப்படித்தான் தள்ளிப்போகும் என்று சொல்லிவைத்தேன். முழுப் பொய்யும் இல்லை அது. சில பேருக்கு அப்படி ஆவது உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் கன்னத்தில் தடிப்போடு திரும்பி வந்தாள். அன்னக்கிளி கணக்குப் பார்த்திருக்கிறாள். நாள் வரவில்லை என்று தெரிந்ததும் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். காளீஸ்வரி என்னிடம் வந்து, "நான் எந்தத் தப்பும் பண்ணல மேடம். அம்மா நம்ப மாட்டேங்குது. நீங்க சொன்னா நம்பும்" என்று அழுதாள். பேசுகிறேன் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் அன்னக்கிளியே போனில் கூப்பிட்டாள். "டீச்சர், அங்குட்டு எவனாச்சும் அவ பின்னால சுத்துறானா? அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா அவளையும் வெட்டிப்புட்டு என்னையும் வெட்டிருவாக. ஒரு பொம்பள டாக்டர்ட்டக் காட்டிப்புடலாமா?"

ஒரு வார்த்தையில் அவள் வயிற்றில் பாலை வார்த்திருக்கலாம். ஆனால் டாக்டர் என்று போனால் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார்கள். போட்டி நெருங்கிவிட்டது. "நான் கண்காணிச்சுக்கிறேன். போட்டி முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீங்க யார்ட்டயும் வாய் விடாதீங்க" என்றேன். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண்காணிக்க ஏதோ இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கும்.

போட்டிக்கு முந்தின வாரம் அவளுக்கு இடது கெண்டைக்கால் வலித்தது. தொட்டால் சுட்டது. ஒரு சுற்று பெருத்தும் இருந்தது. மருந்துக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். சதைப்பிடிப்பு என்று அவளிடம் சொன்னேன். நானே நல்லெண்ணெயைச் சூடாக்கி, காலை மடியில் வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கம்மாகூட எனக்கு இப்படித் தேச்சுவிட்டதில்ல மேடம்" என்றாள்.

காலில் துணிப்பட்டை சுற்றித்தான் ஓடினாள். கடைசி வளைவில் மூன்றாவதாக வந்தவள் எழுந்தாள் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. முதலாவதாக வந்தாள். கேடயம் எங்களுக்கு. பரிசு மேடையில் அவளால் ஏற முடியவில்லை. பிள்ளைகள் தூக்கி நிறுத்தினார்கள். சந்தோஷத்தில் தூக்குகிறார்கள் என்று மைதானமே கைதட்டியது. முதல்வர் அன்று மேடையிலேயே விடுதி தொடர்ந்து நடக்கும் என்று அறிவித்தார். எடுத்த காரியம் முடிந்தது என்று நான் ஓரமாகப் போய் நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. படி ஏறினால் நெஞ்சு குத்துகிறது என்றாள். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அன்னக்கிளிக்குச் சொன்னேன். கட்டின சேலையோடு ஓடிவந்தாள். டாக்டர் சின்ன வயது. பொறுமையாகத்தான் கேட்டார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாளா? நாள் தள்ளிப்போடுறது, கரு தரிக்காம இருக்குறது, அந்த மாதிரி? இருந்தா சொல்லிருங்க. ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிருந்தா இங்க வசதி இல்ல, ஒடனே மதுரைக்கு அனுப்பணும்."

காளீஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், பாவம். நானும் இல்லை என்றேன்.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டு மறுபடியும் கேட்டார். அம்மாவுக்குப் பயந்து மறைக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். "அப்படிப்பட்ட பிள்ளை இல்ல சார். அவளுக்கு நான் உத்தரவாதம்" என்றேன். இதே வார்த்தையை அன்னக்கிளியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம். டாக்டர் நெஞ்சுச் சளி என்று நினைத்து ஊசி போட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மதுரைக்கு வண்டி ஏறியிருப்பாள். ஆனால் ஊரெல்லாம் நாறியிருக்கும். அத்தனை பிள்ளைகளும் மூட்டை கட்டியிருப்பார்கள். இளம் உடம்பு, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் போய்விட்டாள். கடைசியாகத் தண்ணீர் கேட்டாள். நான் எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

காரணம் பிடிபடவில்லை, அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அன்னக்கிளி என்னைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றாள். அழுகை அப்படியே நின்றுபோயிருந்தது.

"அறுத்துப் பாத்தா தெரிஞ்சுருமா டீச்சர்?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மகள் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். "தெரிஞ்சுரும்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம் போய், "வேணாம் சாமி. எம்புள்ளய முழுசாக் குடுத்துருங்க, கொண்டுக்கிட்டுப் போறோம்" என்று கும்பிட்டாள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் எரித்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது அன்னக்கிளி என் காலைத் தொட்டாள். "எங்க மானத்தக் காப்பாத்துனீக" என்றாள்.

சௌபர்ணிகா நீளம் தாண்டுகிற பிள்ளை. அவள் அக்கா நர்ஸ். சத்து மாத்திரையில் ஒன்றை எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள், அக்கா என்ன மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள், அவள் உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாம்பலை வைத்துக்கொண்டு உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள், சொன்னேன். நான்தான் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன், கேட்டபோது இல்லை என்றேன். மோசமான முடிவு எது என்று கேட்டீர்களே, அதை நீங்களே தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அன்னக்கிளி வாரம் தவறாமல் எனக்குப் போன் போடுகிறாள். மகளைப் பற்றி வாய்விட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது, வீட்டுக்காரரிடமா பேச முடியும்? இத்தனை நாளும் மகள் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாளாம். போன வாரம் அழுதுகொண்டே சொன்னாள். "மன்னிச்சுட்டேன் டீச்சர். சின்னப்புள்ளதான, தெரியாமச் செஞ்சுருச்சு. இன்னைக்குத்தேன் படத்தைத் திருப்பிப் பூ வச்சேன்."

நானும் சேர்ந்து அழுதேன். நல்ல காரியம் செய்தாய் அன்னக்கிளி என்றேன். அதனால் அவளிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. பெற்ற மகளை மன்னிக்க அவள் என்ன பாடு பட்டாள் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த நிம்மதியையும் அவளிடமிருந்து பறிக்க உங்களுக்கு எப்படி மனசு வரும்?