நான் படிக்காமல் விட்ட வரி

துளசிங்கம் தமிழ் நன்றாகவே பேசுவான், சிஸ்டர். படிக்கத்தான் வராது, அவன் படித்த ஐந்து வகுப்பும் தெலுங்கில். ஆர்.கே.பேட்டையில் எங்கள் இருவர் தறியும் ஒரே கூரையின் கீழ் ஓடுகிறது. அவனுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன்.

அவனுடைய புற்றுநோய்க்குப் புதுத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்ப்பதற்காக உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தாளையும் அப்படித்தான் படித்தேன். புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அவற்றை அழிக்க இந்தத் தடுப்பூசி உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும்.

"பைப்ப கட் பண்ணி பட்டினி போடறாங்க, அப்டித்தானே பாவா?" என்று சிரித்தான். மச்சான் என்பதைத் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"ஆங்" என்றேன்.

அடுத்த வரியைப் படிக்கவில்லை. காயம் ஆறுவதற்கும் புது ரத்தக்குழாய்கள் வேண்டும்; ஊசி போட்டுக்கொள்பவர் உடம்பில் கீறல்கூடப் படக்கூடாது; ஆறாத புண் இருந்தால் நீக்கப்படுவார். எல்லாம் படித்துக் காட்டினீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். தலையாட்டினேன்.

அந்தச் சோதனையில் அவனுக்குக் கிடைத்தது கடைசி இடம். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர், அதே நோயில் கிடந்த என் மனைவி ஹேமாவதி. அப்போது அவளுக்குக் கஞ்சித் தெளிவுகூட இறங்கவில்லை.

இரண்டு ஊசி முடிந்த நிலையில் ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்குப் பூக்காவடி எடுப்பதாக இருந்தான்.

"உசுர கேக்கப் போற. வெறும் பூவ தூக்கினு போவியா?" என்றேன். "அலகு குத்திக்கோ."

"புண்ணாயிடாதா பாவா?"

"முருகன் பாத்துப்பான்."

முதுகில் பன்னிரண்டு கொக்கி. குத்தும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

துளைகள் மூடவில்லை. அடுத்த முறை அவன் சட்டையைக் கழற்றியதும் நீங்களே அவனை நீக்கிவிட்டு, ஹேமாவதிக்கு ஃபோன் செய்தீர்கள். அவன் விலகினால் போதும் என்றுதான் நினைத்தேன். சீழ் ரத்தத்தில் ஏறி ஆவணி பிறப்பதற்குள் போய்விட்டான்.

நான் கொன்றதாக எனக்குத் தோன்றவில்லை. அலகு குத்திய காயம் விபூதியிலேயே ஆறுவதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். அவனுக்கும் ஆறும் என்று மனதார நம்பினேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். என்னை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படையுங்கள். அவள் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இப்போதுதான் ஒரு பிடி சோறு சாப்பிடுகிறாள்.

போன வாரம் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். கூடாது என்றேன்.

"சின்னக் கீறல்தானேங்க. முருகன் பாத்துக்க மாட்டாரா?" என்று கேட்டாள்.

வீட்டிலிருந்த சவரக்கத்தியையும் அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன், சிஸ்டர்.