தமிழ்ல சொன்னாதான் கேப்பேன்

...பெத்தவ நான் வெளியில, ஸ்கூல் மிஸ் உள்ள. யாரு கூட இருக்கணும்னு இன்ஸ்பெக்டரம்மா கேட்டாங்க, என் பொண்ணு அனன்யா மிஸ்ஸைக் கையைக் காட்டிட்டா. சட்டம் அப்படித்தானாம். பதிமூணு வயசு.

நீங்க போன்ல தமிழ் பேசினீங்களா, அதான் நகந்து வந்தேன். பை தொலைஞ்சுபோச்சா? பஸ்லயா? கிடைக்காது.

எங்க கேஸு தமிழ் வாத்தியார் மேலங்க. குருபிரசாத்னு பேரு. வாரம் ரெண்டு நாள் வீட்டுக்கே வருவாரு... வருவான். மரியாதை குடுத்துப் பழகின வாய். லேக் மார்க்கெட்ல காப்பிப்பொடி வாங்கற கடையில பாத்து, இவளுக்குச் சொல்லிக் குடுக்க நான்தான் ஏற்பாடு பண்ணினேன். பாடம் நடத்தறேன்னு கண்ட எடத்துல கையை வச்சிருக்கான். நான் அடுப்படியில அவனுக்கு டிகாக்‌ஷன் எறக்கிட்டிருந்தேன். அங்கேர்ந்து அந்த ரூமு எட்டடி.

அனன்யா இங்கயே பொறந்தவ. கனவுகூட பெங்காலிலதான் வரும். ஊருக்குப் போனா சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. அதனால வாசப்படி தாண்டி உள்ள வந்தா தமிழ்தான்னு வச்சேன். பெங்காலில கேட்டா தண்ணிகூடக் கெடையாது. அவங்கப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ்ல இருக்காரு, அவருக்கும் அதேதான்.

இங்க சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஸ்கூலுக்கு மஞ்சப் புடவை கட்டணுமே, அவளுக்குப் பின்னு குத்திட்டிருந்தேன். 'மா, ஷோனோ'ன்னா, கேளும்மான்னு. சாரைப் பத்தி என்னமோ, வேகமா, பெங்காலில. எனக்குப் புரியாதா என்ன, இருபது வருஷமா இங்க காய்கறிக்காரன்கூட சண்டை போடறவ. ஆனா காதுல வாங்கிக்கல. 'தமிழ்ல சொல்லு, கேக்கறேன்'னேன். வாயில ரெண்டு பின்னு வேற.

நின்னு யோசிச்சா. அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நாங்க சொல்லிக் குடுக்கலையே. 'ஒண்ணுமில்லைம்மா'ன்னா. உச்சரிப்பு திருத்தமா வருதேன்னு சந்தோஷப்பட்டேன்.

அப்புறமும் பத்து வாரம் வந்தான். நான் காப்பி குடுத்தேன்.

முந்தாநேத்து மிஸ்கிட்ட சொல்லியிருக்கா. அவங்க எந்த பாஷைன்னு பாக்கல.

அடுத்து என்னைக் கூப்பிடுவாங்க. 'உங்களுக்கு எப்போ தெரியும்?'னு கேப்பாங்களாம். முந்தாநேத்துன்னு சொல்லுன்னாரு அவங்கப்பா. பொய்யில்ல பாருங்க, மிஸ் போன் பண்ணினது அன்னிக்குத்தான்.

...இல்ல, உங்களை இல்ல. என்னைத்தான் கூப்பிடறாங்க.

கொஞ்சம் வழி விடுங்க. நான் பேசறப்போ அவளை வெளிய அனுப்பாதீங்கன்னு கேட்டுப் பாக்கணும். முடியாதுன்னா கதவையாவது சாத்த வேண்டாம்பேன். சரஸ்வதி பூஜை அன்னிக்கே எங்கிட்ட சொன்னா, நான்தான் கேக்கலைன்னு பெங்காலிலயே சொல்லப் போறேன். அவ காதுல விழணும்.