என் வண்டி திருடு போகவில்லை என்பது குறித்து

பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை அடையாள அட்டையில் கண்டபடி. வயது நாற்பத்து நான்கு. தொழில், வீட்டிலேயே கேக் செய்து விற்பது. அக்கம்பக்கத்தில் என்னைக் கேக்கக்கா என்பார்கள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதுகிறார். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்தும் பேசவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

என் அண்ணன் இன்று காலை கொடுத்த புகாரின் பேரில் இங்கே உட்கார வைத்திருக்கும் லிஃப்ட் பழுது பார்ப்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஓட்டிவந்த சீன மின்சாரக் கார் என்னுடையது. சாவி அட்டையை என் கையால் கொடுத்து அனுப்பியவள் நான். இன்று ஐந்து மணிக்குப் பதிவு அலுவலகம் மூடுவதற்குள் அவருக்கும் எனக்கும் திருமணம் பதிவாக வேண்டும். இந்த நாள் தவறினால் மறுபடி மனுக் கொடுத்து முதலிலிருந்து காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சுருக்கமாகச் சொல்ல இவளுக்கு வராது என்று அண்ணன் வெளி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார். அவரை அமைதியாக இருக்கும்படி நிலைய அதிகாரி எச்சரித்தார்.

வண்டியை நான் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அப்போது எங்கள் தெருவில் மின்சாரக் கார் ஒன்றுகூடக் கிடையாது. சீன வண்டி என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மழையில் ஷாக் அடிக்கும் என்றார் மருந்துக் கடைக்காரர். பொம்மைக் கடையில் வாங்கினீர்களா என்று கேட்டார் எதிர்வீட்டு ஆசிரியை. இன்றைக்கு அந்த ஆசிரியை வீட்டு வாசலில் அதே வண்டி பச்சை நிறத்தில் நிற்கிறது, மருந்துக் கடைக்காரர் முன்பணம் கட்டிவிட்டு எப்போது வரும் என்று என்னிடம் வந்து விசாரிக்கிறார். பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கும் இயந்திரத்தை ஓரம் கட்டிவிட்டுச் சார்ஜ் போடும் கம்பங்களை நட்டிருக்கிறார்கள், அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் நான் கேக் ஆர்டர் பிடிக்கிறேன்.

வண்டிப் புராணம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் எழுத்தர். வண்டியைத் தெரியாமல் வழக்கு விளங்காது என்றேன். என் பழைய பெட்ரோல் வண்டியில் மூன்றடுக்கு கேக்கை ஏற்றினால் போய்ச் சேர்வதற்குள் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கிரீம் ரோஜாவெல்லாம் வியர்த்து வழிந்திருக்கும், நான் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று ஒட்டுப்போடுவேன். இந்த வண்டி கிளம்பினது தெரியாது, நின்றது தெரியாது. மிதியிலிருந்து காலை எடுத்தாலே பூப்போல வேகம் இறங்கும். நான் படியிறங்கி வருமுன் உள்ளே ஏசி ஓடி, கேக் வைக்கும் இடம் குளிர்ந்திருக்கும். மின்சாரம் போனால் வண்டியிலிருந்து வயரை இழுத்து மாவு கலக்கும் இயந்திரத்தை ஓட்டுவேன். இதைச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அவர்கள் கை நன்றாக இருக்கட்டும். இதை எழுத்தர் எழுதத் தயங்கினார், எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நான் இந்த வண்டியை வாங்கப்போகிறேன் என்றதும் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு வண்டியை எடுக்கும் தினத்தில் சிரிப்பதற்காகவே கூட வந்தார். அங்கேதான் தவறு நடந்தது. எங்கள் வீட்டில் எந்த அலுவலகத்தில் போன் எண் கேட்டாலும் அண்ணன் எண்ணைக் கொடுப்பது பழக்கம். எரிவாயுவுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். ஷோரூம் பையன் எண் கேட்டபோது, கால்பந்து வடிவத்தில் கேக் கேட்ட ஒரு வாடிக்கையாளரோடு நான் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கம்போலத் தன் எண்ணைச் சொல்லிவிட்டார். அந்த வண்டிக்கு முதலில் பதிவாகும் எண்தான் எஜமான். மற்றவர்கள் இரவல் வாங்கி ஓட்டுபவர்கள். அரசாங்கக் காகிதத்தில் நான் உரிமையாளர், வண்டியின் மூளையில் அண்ணன்.

அதன் பிறகு ஒரு நாள் அவர் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அடியில ஒண்ணுமே இல்லையே பாப்பா. நான் எதப் புடிச்சுத் திட்டுறது?" என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயதானாலும் அவருக்கு நான் பாப்பாதான். அன்றிலிருந்து அவர் போனும் கையுமாக இருந்தார். பட்டறையில் அடுத்தவன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார், கண் என் வண்டி எங்கே போகிறது என்பதில் இருக்கும். இடது பின்சக்கரத்தில் காற்று குறைகிறது என்று அழைப்பார். மழை வந்தால் பட்டறையிலிருந்தே கண்ணாடியை ஏற்றிவிடுவார். நான் கிளம்புமுன் ஏசியைப் போட்டுவைப்பதும் அவர்தான். கேட்டால், எல்லாம் ரிமோட் பொம்மை என்று வெளியில் சொல்வார். எஜமானை என் பெயருக்கு மாற்றலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் வாடிப்போவார்.

லிஃப்ட்காரரை நான் சந்தித்தது லிஃப்டில். ஓர் அடுக்குமாடி வீட்டில் திருமண கேக்கோடு நடுவழியில் மாட்டிக்கொண்டேன். உள்ளே எத்தனை பேர் என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது, நானும் ஒரு கேக்கும் என்றேன். மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர், "கீழ வைக்காதீங்க, லேசா ஆடும். நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி எங்களை இறக்கினார். ஒரு ரோஜாகூட நசுங்கவில்லை. ஒரு மனிதரைப் பிடித்துப்போக எனக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு என் வண்டியில் ஏறியவர், லிஃப்டும் இதுவும் ஒரே சாதிதான், அது மேலே கீழே போகும், இது முன்னே பின்னே போகும் என்று சொல்லிக் குழந்தை மாதிரி மகிழ்ந்தார்.

அண்ணனிடம் ஏன் மறைத்தீர்கள் என்று நிலைய அதிகாரி கேட்டார். பயத்தால் மறைக்கவில்லை. அண்ணன் மறுமணத்துக்கு எதிரி அல்ல. ஆனால் மாப்பிள்ளையைத் தானே பரிசோதிக்க வேண்டும் என்பார். ஒரு வங்கிக்காரர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, காபி கொடுப்பதற்குள் அண்ணன் அவர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கிளட்சை இப்படித் தேய்க்கிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வான் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். வங்கிக்காரர் காபியைக்கூடக் குடிக்கவில்லை. ஆகவே அண்ணிக்கு மட்டும் சொல்லிவைத்தேன், அண்ணி வாய் திறக்கவில்லை. பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். லிஃப்ட்காரர் பக்கத்துக்கு அவர் அம்மா, என் பக்கத்துக்கு அண்ணன். வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேக் பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அண்ணனைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், அங்கே வைத்துச் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

இன்று காலை லிஃப்ட்காரர், பக்கத்து ஊரில் இருக்கும் தன் அம்மாவை அழைத்துவர என் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்துப் படி ஏற முடியாது. நான் வீட்டில் கேக் மேல் ரோஜா வைத்துக்கொண்டிருந்தேன். ரோஜா வைக்கும்போது நான் போனை எடுப்பதில்லை, அது இன்னோர் அறையில் கிடந்தது. வண்டி ஊரைத் தாண்டிப் போவதை அண்ணன் பட்டறையிலிருந்து பார்த்திருக்கிறார். எனக்குப் பலமுறை அழைத்திருக்கிறார். அதன் பிறகு வண்டியின் கேமராவைத் திறந்து பார்த்தால், ஓட்டுவது முன்பின் தெரியாத ஆண், பின்னால் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா. வண்டி வழியில் தண்ணீர் குடிக்க நின்றதும், மறுபடி கிளம்பாதபடி தன் போனிலிருந்தே பூட்டிவிட்டு, காவல்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

கை முழுக்கக் கிரீஸ், காலில் செருப்பு இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "உசுரோட இருக்கியா பாப்பா?" என்றார். "செத்துப் போனவளா கிரீம் அடிச்சுட்டு இருக்கா?" என்று எரிந்து விழுந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டியைத் திருடியவன் என்னை ஏதோ செய்துவிட்டான் என்றே நினைத்து அந்த இரண்டு தெருவையும் கடந்திருக்கிறார். அதன் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, திருடனைப் பிடித்தாயிற்று என்று பெருமையாகப் போனைக் காட்டினார். அதில் காவலர்கள் நடுவில் லிஃப்ட்காரர் கைகட்டி நின்றார். அவர் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஏசி ஓடுவதாகக் காட்டியது. பூட்டிய வண்டியில் ஏசியை யார் போட்டது என்று கேட்டேன். "நான்தான். அந்தம்மாவுக்கு வேர்த்து ஊத்துது. திருடனப் பெத்ததுக்கு அது என்ன பண்ணும்?" என்றார். இவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் கிரீம் பையோடு நின்றுகொண்டே அழுதேன்.

அவர் திருடன் இல்லை, உனக்கு மாப்பிள்ளை ஆகப்போகிறவர் என்றேன். அண்ணன் போனில் வண்டியின் அன்றைய ஓட்டக் கணக்கைத் திறந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. பிறகு, "வண்டிய நல்லா ஓட்டுறான். இவ்வளவு தூரத்துக்கு நீ இன்னும் கூட சார்ஜ் தின்னுருப்ப. மிதிய நசுக்கவே இல்ல. புகார் குடுக்கும்போதே நெனச்சேன், திருடனா இருந்தாலும் பொறுமைசாலின்னு" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் எதைத் தவிர்க்கப் பார்த்தேனோ அந்தப் பரிசோதனை நடந்தே விட்டது, லிஃப்ட்காரர் அதில் தேறியும் விட்டார். என் மேசைத் துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்.

பூட்டை அங்கேயே எடுத்துவிட்டார். ஆனாலும் புகார் பதிவானதால் வண்டியும் ஆட்களும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள், நாங்களும் வந்தோம். லிஃப்ட்காரர் ஒரு சத்தம் போடவில்லை. தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கும்படி மட்டும் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பூட்டினது யாரா இருந்தாலும் நல்ல மனுஷன். அம்மாவுக்கு ஏசி போட்டு விட்டாரு" என்பது. அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் இருந்த கேலண்டரைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு நிலைய அதிகாரி, காகிதத்தில் ஒருவர், போனில் ஒருவர், யார்தான் உரிமையாளர், அதைத் தெளிவாக்காமல் புகாரை முடிக்க முடியாது என்றார். அண்ணன் எல்லார் முன்னிலையிலும் போனை எடுத்து எஜமானை என் எண்ணுக்கு மாற்றும் இடத்துக்குப் போனார். இதன்பின் இந்த வண்டியை உங்களால் பார்க்க இயலாது, சம்மதமா என்று போன் கேட்டது. அவர் விரல் அதன் மேல் நின்றது. இந்த மூன்று வருடத்தில் நான் எந்தச் சந்தில் திரும்பினாலும் அவருக்குத் தெரியாமல் திரும்பியதில்லை. நானும் என் போனைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். "சீக்கிரம் பாப்பா, மனசு மாறிடும்" என்று தன்னையே அதட்டிக்கொண்டவர்போல் என்னை அதட்டிவிட்டு அழுத்தினார். என் போனில் வண்டி வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், இரண்டாவது ஆளாக அண்ணன் எண்ணைச் சேர்த்தது. மூன்றாவது எண்ணுக்கு இடம் இருக்கிறது.

வண்டி என்னுடையது, அது திருடு போகவில்லை, லிஃப்ட்காரர் குற்றமற்றவர். அண்ணன் பொய்ப் புகார் கொடுக்கவில்லை, பயந்து கொடுத்தார். அவர் மீதும் நடவடிக்கை வேண்டாம். எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். வண்டியைப் புகழ்ந்த இடங்களில் கொஞ்சம் குறைத்திருக்கிறார், போகட்டும். மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது, உண்மை என்று ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

சாட்சியாக யார் கையெழுத்திடுவது என்று எழுத்தர் கேட்டதும் அண்ணன் வெளி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். புகார் கொடுத்தவரே சாட்சியா என்று எழுத்தர் கேட்டார். "எங்க போடணும்னு சீக்கிரம் காட்டுங்க சார். அஞ்சு மணிக்குள்ள இன்னோர் ஆபீஸ்லயும் இதே பொண்ணுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர்

(ஒப்பம்) சாட்சி, மேற்படியாரின் அண்ணன்