மஞ்சள் வைக்கப் பிரித்த உறை

நெருப்பாய் நிமிர்ந்தவனே, நெஞ்சின் கரவெல்லாம் அறிந்தவனே, அண்ணாமலைப் பெம்மானே! இடப்பாகம் உறையும் எம் அன்னையே! இன்று என் நாவில் பொய் ஏறாதிருக்க அருள்வீர்களாக.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பண்பாளர் சாம்பமூர்த்தி அவர்களே, ஆன்றவிந்த பெரியோர்களே, தாயுள்ளம் கொண்ட தாய்மார்களே, வேங்கிக்காலிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்!

கல்வியின் சிறப்பைப் பேச அழைத்தீர்கள். கல்வி தரும் அச்சத்தைப் பேச வந்திருக்கிறேன்.

என் தம்பி மகள் தேவசேனா பி.காம். இறுதியாண்டு மாணவி. நிதியியலில் முனைவர் பட்டம் பெற அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "எம்.காம். முடிக்காமலேயா?" என்கிறார் முன்வரிசை ஐயா. ஆம் ஐயா! இளங்கலையோடு நேரே சேரலாமாம். ஆனால் நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் இடங்கள் மிகச் சில. இன்டர்நெட் சென்டரில் தேடித் தேடி இரண்டைக் கண்டாள். இரண்டே வாசல்! இரண்டும் அடைபட்டால்?

விண்ணப்பத்தோடு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் போகவேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே அவர் கையெழுத்திட வேண்டும். பிரித்தால் செல்லாது. பேராசிரியர் வளவன் அவ்வாறே தந்தார். தபாலில் சேர்க்கும்படி என்னிடம் கொடுத்தாள் குழந்தை. நான் செய்ததென்ன? நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காத மங்கலத் தாள் எங்கள் வாசலைத் தாண்டியதுண்டா? பிரித்தேன். மஞ்சள் வைத்தேன். சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கையெழுத்தின் மேற்பாதி ஓரிடம், கீழ்ப்பாதி வேறிடம்! குழந்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"பெரியப்பா, பிரிச்சேளா?"

"மஞ்சள்தாம்மா வச்சேன்."

"படிச்சேளா?"

எமன் கேட்டிருந்தாலும் விடை சொல்லியிருப்பேன். அவளுக்குச் சொல்ல நா எழவில்லை. படித்தேன், சபையோரே! மஞ்சள் ஒரு சாக்கு. இவள் எங்களை விட்டுப் போய்விடுவாளா என்று பார்க்கவே பிரித்தேன். 'வங்கியில் வட்டி குறைவாயிருந்தும் அடி அண்ணாமலைக் கடைக்காரர்கள் தண்டல்காரரிடம் கடன் வாங்குவது ஏன் என்று இந்த மாணவி கேட்டாள். என்னிடம் விடையில்லை' என்று எழுதியிருந்தார் பேராசிரியர். ஐம்பது ஆண்டு மறை ஓதிய என்னிடமும் இல்லை. போய்விடுவாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கெடுவுக்குச் சில நாளே மீதி. வளவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"முத்திரைய உடைச்சிட்டீங்களா சாமி? இனி மறுபடி கும்பாபிஷேகம் பண்ணணுமே!" என்று சிரித்தார். "வேற எழுதித் தரேங்க. ஆனா போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நானும் கூட வருவேன். உங்கள நம்பறதுக்கில்ல."

சிரிக்கிறீர்கள், நன்றாய்ச் சிரியுங்கள். நான் அவர் ஸ்கூட்டரில் பின்னால் தலைகுனிந்து அமர்ந்து போனேன்.

ஐம்பது நாளாயிற்று. பதில் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் வாசலுக்கு ஓடுகிறேன். சென்ற பௌர்ணமியில் மலையை வலம் வந்தேன். "இவளுக்கு இடம் கொடு" என்று தொடங்கிய வாய், கடைசியிலுள்ள ஈசானிய லிங்கம் வருமுன் "கொடுக்காதே" என்று வேண்டிக்கொண்டிருந்தது! திகைத்தேன். திரும்ப ஒரு சுற்று நடந்தேன். திரும்பவும் அதுவே! கடிதத்தைத் திருத்த வளவன் இருந்தார். கலங்கிய வேண்டுதலைத் திருத்த யார் இருக்கிறார்?

நீங்கள் இருக்கிறீர்கள்! என்னால் முழுமனத்தோடு கேட்க முடியவில்லை. நீங்கள் கேளுங்கள். அவளைப் பெறாத தாய்மார்களே, நீங்கள் கேளுங்கள். அவளைப் பிரிந்தால் அழவேண்டாத பெரியோர்களே, நீங்கள் கேளுங்கள். "அந்தப் பெண் போகட்டும்" என்று நீங்கள் நூறு பேர் கேட்டால், என் ஒருவன் குரல் அதில் அமிழ்ந்துபோகாதா? அமிழட்டும்! அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவள் காதுபட இதைச் சொல்வது இன்றுதான்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. உங்கள் இல்லந்தோறும் நெல்லும் நெய்விளக்கும் நிறைக. உங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உலகம் கதவு திறக்க. நீவிரும் உம் சுற்றமும் நீடு வாழ்க. வணக்கம்!